தபால்காரரின் இடது கண்

"இந்தக் கிழவன் யாரு?" என்று கேட்டார் மிஸ்டர் கிரம்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. வெர்னா டபின் இன்னும் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. எடிட்டிங் மேஜையின் சின்னத் திரையில் ஒரு தபால்காரர் கொட்டும் பனியில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். தலையில் தொப்பி, மூக்கு வரைக்கும் மஃப்ளர், நடுவில் இரண்டு கண்கள்.

"கெட்டரிங் சார். பத்தாவது வேஷம்" என்றாள் வெர்னா. "சனிக்கிழமை போட்டுக் காட்டினப்போ நீங்ககூட அழுதீங்களே."

"அழுதேன். இப்பவும் அழத்தான் போறேன். படக் கிடங்குலேர்ந்து இப்பத்தான் போன் வந்துச்சு. இது கெட்டரிங் இல்லையாம்."

"பின்னே?"

மிஸ்டர் கிரம் போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பக் டோலிவர்."

வெர்னா அப்படியே உட்கார்ந்தாள். பின்னால் நாற்காலி இருந்தது அவளுடைய அதிர்ஷ்டம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹாலிவுட் நடிகர் நலச் சங்கம் அம்ப்ரோஸ் கெட்டரிங்குக்குப் பாராட்டு விருந்து கொடுக்கிறது. அறுநூறு பேர் கோழி சாப்பிடுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் விளக்கை அணைத்து, அவருடைய மறக்க முடியாத பத்து வேடங்களை ஏழு நிமிடப் படமாகக் காட்டுவார்கள். அந்த ஏழு நிமிடத்தைத் தொகுத்தவள் வெர்னா. சங்கத்தின் செயலாளர் கிரம். படம் நன்றாக இருந்தால் புகழ் அவருக்கு. இல்லையென்றால் பழி அவளுக்கு. இது எங்கள் ஊரில் எல்லா அலுவலகத்திலும் உள்ள ஏற்பாடுதான்.

கெட்டரிங் சாதாரண நடிகர் இல்லை. பிஷப்பாக வந்தால் பார்க்கிறவர்களுக்குப் பாவமன்னிப்புக் கேட்கத் தோன்றும். குத்துச்சண்டைக்காரனாக வந்தால் முன்வரிசை பின்னால் நகரும். ஒற்றைக்கால் கப்பல் தலைவன், குதிரைத் திருடன், பியானோ வாத்தியார், நாட்டின் ஜனாதிபதி, கணவனை இழந்த அத்தை என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத முகங்கள். வேஷத்தோடு வீட்டுக்குப் போய்த் தன் சொந்த நாயிடமே மூன்று தடவை கடி வாங்கியவர். நாற்பத்திரண்டு வருடங்களில் அவர் போடாத வேஷம் கெட்டரிங் வேஷம் ஒன்றுதான் என்பார்கள்.

பக் டோலிவர் அதற்கு நேர்மாறு. எல்லாப் படத்திலும் அதே உருளைக்கிழங்கு மூக்கு, அதே தொங்கு மீசை, அதே டெக்ஸஸ் கூச்சல். ஆனால் ஜனங்களுக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

இருவருக்கும் முப்பது வருடப் பகை. ஒருவர் வேலை செய்யும் ஸ்டூடியோவில் மற்றவர் அன்றைக்குக் கால் வைக்கக் கூடாது என்று இரண்டு பேர் ஒப்பந்தத்திலும் தனி விதியே இருந்தது. இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஒப்பனை அறை எதிரி அறையைவிட இரண்டு அடி சின்னது என்று படத்தை விட்டே போனவர்கள் உள்ள ஊர் இது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதில் பெரிய விருது கெட்டரிங்குக்குத்தான் என்று ஊரே சொன்னது. டோலிவருக்குக் கிடைத்தது. விழாவுக்கு வராத டோலிவர், 'நடிக்கக் கத்துக்கோ' என்று கெட்டரிங்குக்குத் தந்தி மட்டும் அனுப்பினார். அதை மேடையிலேயே வாசித்தார்கள். கெட்டரிங் எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த விருது எந்த வேடத்துக்கு? இந்தத் தபால்காரருக்கு. எங்கள் ஊரில் விருதைப் பற்றிப் பேசுவார்கள், படத்தைப் பார்க்க மாட்டார்கள்; கிரம்மும் வெர்னாவும்கூடப் பார்த்ததில்லை.

"இது எப்படி நடந்துச்சு வெர்னா? டப்பாவுல பேர் பார்க்க மாட்டியா?"

"டப்பாவுல பேரே இல்ல சார். கெட்டரிங் படம்னு பன்னெண்டு டப்பா கேட்டேன், பதிமூணு வந்துச்சு. ஒண்ணுல ஒட்டின சீட்டு கிழிஞ்சு போயிருந்தது. சத்தமும் இல்ல. போட்டுப் பார்த்தேன். கண்ணைப் பார்த்தேன்…"

"கண்ணைப் பார்த்தியா!"

"நான் எடிட்டர் சார். வேற எதைப் பார்ப்பேன்?"

அது உண்மை. வெட்டி ஒட்டுகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, கண் சிமிட்டலைப் பார்ப்பார்கள். சிமிட்டும் இடத்தில் வெட்டினால் வெட்டு தெரியாது. இருபத்திரண்டு வருடம் அந்தத் தொழிலில் இருந்தவளுக்கு, ஒரு நடிகரை மூக்கை வைத்தோ தாடையை வைத்தோ அடையாளம் தெரியாது, சிமிட்டலை வைத்துத் தெரியும். கனமான ஒரு வசனத்துக்கு முன்னால் கெட்டரிங்கின் இடது கண் வலது கண்ணைவிட ஒரு மயிரிழை முந்தி மூடும். பிஷப்புக்கும் அப்படித்தான், குதிரைத் திருடனுக்கும் அப்படித்தான்.

தபால்காரருக்கும் அப்படித்தான் மூடியது. மகன் போரில் செத்துப்போன தந்தியைக் கண் தெரியாத ஒரு தாய்க்கு அவர் வாசித்துக் காட்ட வேண்டும். காகிதத்தைப் பார்க்கிறார். இடது கண் மூடுகிறது, பிறகு வலது கண். 'சௌக்கியமா இருக்கானாம்மா' என்று பொய்யை வாசிக்கிறார். சத்தமே இல்லாமல் பார்த்தும் வெர்னாவுக்கு மூக்கு அடைத்துக்கொண்டது.

"ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரியா கண்ணு சிமிட்டும்?" என்றாள் அவள், தனக்குத்தானே.

"உனக்கு வயசாயிடுச்சு" என்றார் கிரம். "தபால்காரன் வர்ற துண்டை எடுத்துடு. அந்த இடத்துல பியானோ வாத்தியாரை இன்னும் கொஞ்சம் இழு. யாருக்கும் தெரியாது."

அதுதான் முதல் யோசனை. நல்ல யோசனைதான். ஒரு சின்ன இடைஞ்சல்: சனிக்கிழமை கெட்டரிங்கும் படத்தைப் பார்த்திருந்தார்.

ஓபல் என்ற அவருடைய ஒப்பனைக்காரி கூட வந்திருந்தாள். முப்பத்தைந்து வருடமாக அவருக்கு முகம் ஒட்டிக்கொடுப்பவள், எங்கு போனாலும் கூடவே போவாள். மேலுதட்டிலும் மூக்கிலும் தோல் சிவந்து உரிந்திருந்த கெட்டரிங்குக்கு அவள்தான் அடிக்கடி களிம்பு தடவிவிட்டாள். ஒன்பது வேடங்களைக் கொட்டாவி விட்டபடி பார்த்த மனிதர், பத்தாவதில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தபால்காரர் பொய் சொன்னதும் தேம்பி அழுதுவிட்டார். ஓபல் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

'மத்த ஒன்பதையும் தூக்கிப் போட்டாலும் எனக்குக் கவலை இல்ல, மிஸ் டபின்' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் கெட்டரிங்.

"அதுல நடிச்சது தான் இல்லேன்னு அவருக்கே தெரியலையா?" என்றாள் வெர்னா.

"எழுபத்தொரு வயசு. எத்தனை வேஷம்! அவருக்கே கணக்கு விட்டுப் போயிருக்கும். நீ பக்குவமா போன் பண்ணிச் சொல்லு."

பக்குவமாகத்தான் சொன்னாள். படம் கொஞ்சம் நீளமாக இருக்கிறது, தபால்காரரை எடுத்துவிடலாமா என்று மட்டும் கேட்டாள்.



"தபால்காரன் இல்லேன்னா நானும் இல்ல" என்றார் கெட்டரிங். "விருந்துக்கு அந்தப் பிஷப்பைக் கூப்பிட்டுக்கோங்க." போனை வைத்துவிட்டார்.

ஆக, எடுக்கவும் முடியாது, வைக்கவும் முடியாது. டோலிவரின் கையெழுத்து இல்லாமல் அவர் முகத்தை எங்கேயும் காட்டக் கூடாது. முகம்தான் தெரியவில்லையே என்று வெர்னா கேட்டாள். கண்ணும் முகத்தில் சேர்த்திதான் என்றார் சங்கத்து வக்கீல்.

"அப்போ டோலிவர்கிட்டயே கையெழுத்து வாங்கிடு" என்றார் கிரம்.

டோலிவர் பாம் ஸ்பிரிங்ஸ் பக்கம் பாலைவனத்தில் எங்கேயோ இருந்தார். அவருக்கு நேராகப் போன் கிடையாது. அவருக்கு வரும் போனை எடுத்துக் குறித்து வைக்கும் ஒரு பெண்ணிடம் தகவல் சொல்ல வேண்டும், அவராக மனசு வைத்தால் கூப்பிடுவார். வெர்னா தகவல் சொன்னாள். செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு டோலிவர் நேரிலேயே வந்து இறங்கினார்.

கதவு திறந்த சத்தம் கேட்கும் முன்னால் அவர் சத்தம் கேட்டது.

"எங்கே அந்தப் பொம்பளை? என் தபால்காரனைத் தூக்கி அந்தப் பவுடர் டப்பா தலையில வச்சவ!"

அதே மூக்கு, அதே மீசை, கழுத்தில் கைக்குட்டை, தலையில் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. எங்கள் ஊரில் வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டால்தான் நடிகர், அதனால் வெர்னா அதைக் கவனிக்கவே இல்லை. காப்பி கொடுத்தாள். சட்டைப்பையிலிருந்து ஒரு ஸ்ட்ராவை எடுத்துக் காப்பிக்குள் விட்டு உறிஞ்சினார் டோலிவர்.

"சார், காப்பி சூடா இருக்கு."

"எனக்கு எப்பவும் இப்படித்தான். மீசை நனைஞ்சா எனக்குக் கோவம் வரும். ஏற்கனவே கோவத்துல இருக்கேன்."

வெர்னா எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டாள். டப்பாவையும் கிழிந்த சீட்டையும் பற்றிச் சொன்னாள். கண் சிமிட்டலைப் பற்றிச் சொல்லும்போது டோலிவர் ஸ்ட்ராவை விட்டுவிட்டார்.

"கண்ணை வச்சுக் கண்டுபிடிச்சியா?"

"தப்பாக் கண்டுபிடிச்சுட்டேன் சார்."

"ம்." கறுப்புக் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டார். "அவன் பார்த்தானா? அந்த ஆளு?"

"பார்த்தாரு. அழுதாரு."

"அழுதானா!" டோலிவரின் கூச்சல் எங்கோ போய்விட்டது. உடனே திரும்பியும் வந்துவிட்டது. "அழட்டும்! அவனுக்குச் சொந்தமா ஒரு துளி கண்ணீர் வராது, அடுத்தவன் நடிப்பைப் பார்த்தாவது வரட்டும். கையெழுத்துப் போடறேன். ஆனா தபால்காரன் வரும்போது திரையில என் பேர் வரணும். அவன் பேர் என்ன அளவோ அதே அளவு. ஒரு நூல் குறைஞ்சாலும் கேஸ் போடுவேன்."

கையெழுத்துப் போட்டார். போகும்போது வாசலில் நின்று, "நீ எத்தனை வருஷமா இந்த வேலையில இருக்க?" என்றார்.

"இருபத்திரண்டு."

"ஜாக்கிரதையா இரு" என்று சொல்லிவிட்டுப் போனார். வெர்னாவுக்கு அது மிரட்டல் மாதிரிதான் கேட்டது.

அன்று மாலை அவள் தபால்காரரை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். பிஷப்பை ஓட்டினாள். தபால்காரர், பிஷப், தபால்காரர், அத்தை. இடது கண், வலது கண். எப்படிப் பார்த்தாலும் ஒரே ஆள்தான். அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. வேலை போனால்கூட வேறு வேலை தேடலாம். கண்ணே போய்விட்டால் எடிட்டர் எங்கே போவது?

புதன்கிழமை கண் டாக்டரிடம் போனாள்.

"என்ன தொந்தரவு?"

"ரெண்டு வேற வேற ஆளுங்க ஒரே ஆளாத் தெரியறாங்க டாக்டர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு ஆள் ரெண்டாத் தெரிஞ்சா எங்கிட்ட மருந்து இருக்கு. இதுக்கு இல்ல." இருந்தாலும் சோதித்துப் பார்த்தார். கடைசி வரியின் பொடி எழுத்துவரை அவள் வாசித்தாள். "இருபது வயசுப் பொண்ணு கண்ணும்மா உனக்கு. வீட்டுக்குப் போ."

அது ஆறுதலாக இல்லை. கண்ணில் கோளாறு இல்லையென்றால் மூளையில் என்றுதானே அர்த்தம்?

சரி, இதற்கு மேல் என்ன கெட்டுவிடும் என்று அலுவலகம் வந்தாள். அங்கே மிஸ்டர் கிரம் கைகளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கைகளைத் தேய்த்தால் யாருக்காவது வேலை போகப் போகிறது என்று சங்கத்தில் பேச்சு.

"வெர்னா! உன் தப்புதான் எனக்கு வரப்பிரசாதம். ரெண்டு பேர் பேரும் ஒரே திரையில, ஒரே அளவுல. இதுக்கு என்ன அர்த்தம்?"

"கேஸ் வராதுன்னு அர்த்தம்."

"சமாதானம்னு அர்த்தம்! முப்பது வருஷப் பகை, ஒரு தபால்காரனால தீருது. ஞாயித்துக்கிழமை மேடையில ரெண்டு பேரும் கை குலுக்கறாங்க. பத்திரிகைக்குச் சொல்லிட்டேன்."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"அது உன் வேலை."

வியாழக்கிழமை காலை செய்தி வந்தது. மத்தியானத்துக்குள் விருந்துக்கு இடம் இல்லை. நடிகர்கள் நாலு பேர் சிரித்துப் பேசுவதைப் பார்க்க எங்கள் ஊரில் யாரும் வெளியே வர மாட்டார்கள், இரண்டு பேர் அடித்துக்கொள்ளலாம் என்றால் சமையல்காரி முதல் ஸ்டூடியோ முதலாளி வரை கிளம்பி வருவார்கள். ஹோட்டலில் இன்னும் நூறு நாற்காலி போட்டார்கள்.

வெர்னா கெட்டரிங்கைக் கூப்பிட்டாள். இனி மறைத்துப் பயனில்லை. தபால்காரர் டோலிவர்தான் என்றும், தான் ஆளை மாற்றிப் போட்டுவிட்டதாகவும் ஒப்புக்கொண்டாள். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"பேப்பர்ல பார்த்தேன்."

"அவரோட ஒரு தடவை கை குலுக்கினாப் போதும் சார். ஒரே ஒரு நிமிஷம்."

"மிஸ் டபின், அது முடியாத காரியம்."

"மனசு வைங்க சார்."

"மனசு வச்சாலும் முடியாதும்மா. நீங்க கேக்கறது மனுஷனால ஆகற காரியமே இல்ல."

இவ்வளவு பெரிய மனிதருக்கு இவ்வளவு வெறுப்பா என்று அவளுக்கு வருத்தமாக இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து டோலிவர் கூப்பிட்டார். "அந்த மேடையில அவனையும் என்னையும் ஒண்ணா நிக்க வைக்கிறவன் இனிமேதான் பொறக்கணும்!" என்று கத்திவிட்டு வைத்தார்.

வெர்னா கிரம்மிடம் போய்ச் சொன்னாள். கிரம் கைகளைத் தேய்ப்பதை நிறுத்தினார்.

"எழுநூறு பேர் வராங்க. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் கை குலுக்கலேன்னா, திங்கட்கிழமை உன் மேஜையில வேற ஆள் உட்காருவான். கண்ணு தெரியற ஆளா பார்த்துப் போடறேன்."

கடைசி வாக்கியம்தான் அவளைச் சுட்டது. அவள் வேலை செய்த ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. நாற்பத்தொன்பது வயதில் அவளுக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு மேஜையும், தன் கண்ணைப் பற்றிய ஒரு கர்வமும்தான். இரண்டும் ஒரே நாளில் போகப் பார்த்தன.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஹோட்டல் கூடம் நிரம்பி வழிந்தது. மேடையில் இரண்டு நாற்காலிகள். வலது பக்கம் வைத்தால் யாருக்குக் கோபம், இடது பக்கம் வைத்தால் யாருக்குக் கோபம் என்று இரண்டு நாள் யோசித்து, கடைசியில் இரண்டையும் நடுவில் நெருக்கிப் போட்டிருந்தார்கள்.

கெட்டரிங் ஓபலோடு வந்தார். கூடமே எழுந்து நின்றது. அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து, களிம்பு தடவிய மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. கோழி வந்தது. கோழி போனது. நாற்காலி அப்படியே இருந்தது.

"டோலிவர் எங்கே?" என்று கிரம் பல்லைக் கடித்தார்.

வெர்னா மேடைக்குப் பின்னால் போய்க் கெட்டரிங்கிடம் குனிந்தாள். "சார், அவர் வந்தா நீங்க இருப்பீங்கதானே?"

"அவன் வந்தா நான் இருக்க மாட்டேன். இதை எத்தனை தடவை சொல்றது?" அவர் எழுந்தார். "எனக்கு மாத்திரை சாப்பிடணும். மேலே நானூத்திப் பன்னெண்டாம் நம்பர் ரூம்ல இருக்கேன்." ஓபல் தன் பெரிய கறுப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

இருபத்தைந்து நிமிடம். சங்கத் தலைவர் ஒரு உரை நிகழ்த்தினார், யாரும் கேட்கவில்லை. திடீரென்று லிஃப்ட் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல்.

"எங்கே அந்தப் பவுடர் டப்பா? கை குலுக்க வந்திருக்கேன், கையை எங்க வச்சிருக்கான்?"

டோலிவர்! கூடம் அதிர்ந்தது. கெட்டரிங்குக்கு எழுந்து நின்றவர்கள் டோலிவருக்கு நாற்காலி மேலேயே ஏறினார்கள். அவர் மேடையேறி உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து ஸ்ட்ராவை எடுத்து ஒரு கோப்பை சூப்பைக் காலி செய்தார். இப்போது அந்தப் பக்கத்து நாற்காலி காலி.

"கெட்டரிங்கைக் கூட்டிட்டு வா!" என்றார் கிரம் வெர்னாவிடம்.

"நீ எதுக்கும்மா போற?" என்று எழுந்தார் டோலிவர். "நானே போய் அவன் கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டு வரேன்."

அவர் லிஃப்டில் ஏறியதும் எழுநூறு பேரும் சாப்பாட்டுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்த்தார்கள். கூரையிலிருந்து ஏதாவது விழும் என்று எதிர்பார்த்தார்கள் போல. பத்து நிமிடமாகியும் ஒன்றும் விழவில்லை.

"படத்தைப் போடு" என்றார் கிரம். அவர் நெற்றி வியர்த்திருந்தது. "ஏழு நிமிஷம். அதுக்குள்ள அவங்க வரணும். இல்லேன்னா நீ வர வேண்டாம்."

விளக்கு அணைந்தது. பிஷப் வந்தார், குதிரைத் திருடன் வந்தான், அத்தை வந்தாள். கைதட்டினார்கள், சிரித்தார்கள். பிறகு பனி பெய்தது. தபால்காரர் தந்தியைப் பிரித்தார். கூடத்தில் ஒரு இருமல்கூட இல்லை. வெர்னா இருட்டில் சுவரோடு ஒட்டி நின்று அந்தக் கண்ணையே பார்த்தாள். இடது கண். பிறகு வலது கண். இது என் கெட்டரிங்தான், ஊரே இல்லை என்றாலும் இதுதான் கெட்டரிங் என்று அவள் மனசு அடம்பிடித்தது. அந்த மனசின்மேல் அவளுக்கே கோபம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடினாள்.

நான்காவது மாடி நடையில் திரும்பும்போதே குரல்கள் கேட்டன. இரண்டு குரல். ஒன்று கெட்டரிங்கின் நறுக்கான குரல், மற்றது டோலிவரின் டெக்ஸஸ் இரைச்சல்.

"இன்னைக்கு என்னோட நாள். இன்னைக்காவது நீ வராம இருந்திருக்கலாம்."

"நான் வந்ததும் எப்படி ஏறி நின்னாங்க பார்த்தியா? உனக்கு ஏறினாங்களா?"

"எப்பவும் உனக்குத்தான். பிஷப்புக்கு நான் ஏழு மாசம் லத்தீன் படிச்சேன். நீ மஃப்ளரைக் கட்டிக்கிட்டு விருதைத் தூக்கிட்டுப் போன."

"நீயும் நல்லா நடிச்சிருந்தா உனக்கும் குடுத்திருப்பாங்கடா!"

"அப்போ நீயே கீழ போ."

"நான் போனா உன்னைக் கேப்பாங்க. நீ போ."

"நான் போனா உன்னைக் கேப்பாங்க!"

நல்லவேளை, இன்னும் அடிதடி ஆகவில்லை. இருவரும் ஒரே அறையில் இருக்கிறார்கள், பேசிக்கொள்கிறார்கள். முப்பது வருடத்தில் இதுவே பெரிய முன்னேற்றம். கதவைத் தட்டினாள். குரல்கள் சட்டென்று நின்றன.

கதவு ஒரு சாண் திறந்தது. ஓபல் நின்றாள். வாயில் ஒரு சின்னத் தூரிகை, முழங்கைவரை மடித்துவிட்ட சட்டைக்கை. உள்ளே யாரும் தெரியாதபடி வாசலை அடைத்துக்கொண்டாள்.

வெர்னா வரும்போது யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. மூச்சு வாங்க, அழுகையும் சேர்ந்து வர, வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"ஓபல், ரெண்டு பேர்கிட்டயும் சொல்லுங்க. எல்லாம் என் தப்பு. என் கண்ணு அவிஞ்சு போச்சு, ஆளை மாத்திப் போட்டுட்டேன். நாளைக்கு எனக்கு வேலை இல்ல, அது போகட்டும். கை குலுக்கக்கூட வேண்டாம். கீழ படம் முடியப்போகுது. ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர் வந்து நின்னாப் போதும்!"

ஓபல் திரும்பி உள்ளே பார்த்தாள். பிறகு தூரிகையை வாயிலிருந்து எடுத்தாள்.

"நீ எங்கம்மா ஆளை மாத்தின? முப்பது வருஷத்துல சரியா கண்டுபிடிச்சது நீ ஒருத்திதான்! இப்போ அவர் எந்த மூக்கோட வரணும்னு மட்டும் சீக்கிரம் சொல்லு, பசை காயப் பத்து நிமிஷம் ஆகும்."